டெக்சஸ் மலைநாட்டில் பிளைண்டிலிருந்து வில் வேட்டை: முதிர்ந்த கிடா மானைத் தேடும் புதியவருக்கு

பிளைண்ட் என்று இங்கே சொல்வது, நாலு பக்கமும் ஜன்னல் வைத்து உள்பக்கம் கறுப்பாக இருக்கும் துணிக் கூடாரத்தை. அதற்குள் உட்கார்ந்தால் நீங்கள் கையைத் தூக்குவதும் தலையைத் திருப்புவதும் மானுக்குத் தெரியாது. வாசனை மட்டும் அப்படியே போய்ச் சேரும். புதிதாக வில் எடுப்பவர்கள் கூடாரத்துக்கும் வில்லுக்கும் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசியைக்கூடக் காற்றின் திசையைப் பார்க்கச் செலவழிப்பதில்லை. ஒன்றரை வயது மானிடம் இது செல்லும். ஐந்து வயதைத் தாண்டிய கிடாவிடம் செல்லாது. நீங்கள் அதைப் பார்க்கும் முன்பே அது வந்த வழியே திரும்பியிருக்கும்.

நான் எழுதுவது டெக்சஸின் ஹில் கன்ட்ரியை மனதில் வைத்து. ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களுக்கு மேற்கே சுண்ணாம்புக் கல்லும் லைவ் ஓக் மரங்களும் சீடர் புதர்களுமாகக் கிடக்கும் மேட்டு நிலம் அது. வெண்வால் மான்கள் அங்கே மிக அடர்த்தியாக வாழ்கின்றன. லானோ ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை 'டெக்சஸின் மான் தலைநகர்' என்றே சொல்லிக்கொள்வார்கள். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மானைப் பற்றியும் வில்லைப் பற்றியும் இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். சட்டம் மட்டும் பொருந்தாது, அதை அந்தந்த மாநிலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம்

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் முழுவதையும் இணையத்திலேயே முடிக்கலாம். லைசென்ஸ் ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக் கணக்கு: வேட்டை லைசென்ஸ் 25 டாலர், அதன் மேல் வில் சீசனுக்கான ஆர்ச்சரி எண்டார்ஸ்மென்ட் 7 டாலர். வெளியூர்க்காரருக்கு 315 டாலர். இவை நான் அறிந்த விலைகள். வாங்கும்போது மாநிலப் பூங்கா வனவிலங்குத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது விசா பற்றி. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்பது போன்ற சில விதிகளும் கூடவே உண்டு. வில் அந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி ஆகாது. ஆகவே அந்தச் சிக்கலுக்குள் போகாமல் வேட்டைக்கு வர நினைப்பவர்களுக்கு வில் நல்ல வழி.

வில்லுக்கு மட்டுமான சீசன் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஐந்து வாரம் ஓடும். நவம்பர் முதல் சனிக்கிழமை பொது சீசன் தொடங்கிவிடும். அதிலும் வில்லோடு போகலாம், ஆனால் பக்கத்து நிலங்களில் துப்பாக்கி வெடிக்க ஆரம்பித்தபின் கிடாக்கள் பகலில் தலைகாட்டுவது குறைந்துவிடும். சுடுவதற்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை. எத்தனை மான், எத்தனை கிடா என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். கொம்புக் கட்டுப்பாடு உள்ள கவுண்டிகளில், இரண்டு கொம்புகளுக்கும் இடையே உள்ளளவு 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளை பிரியாமல் இருக்க வேண்டும். மான் காதை விறைத்து நிமிர்ந்து பார்க்கும்போது காது நுனிக்குக் காது நுனி ஏறக்குறைய 13 அங்குலம். கொம்பு காதுக்கு வெளியே போகிறதா என்று பார்த்தாலே போதும்.

நிலம்

டெக்சஸில் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தனியாருடையது. ஒன்று, நாலைந்து பேர் சேர்ந்து ஆண்டுக் குத்தகைக்கு, அதாவது லீஸுக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் நாள் வாடகைக்கு விடும் ராஞ்சுக்கு, அதாவது கால்நடைப் பண்ணைக்குப் போக வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் 48 டாலர் ஆண்டு பொது வேட்டை அனுமதி வாங்கி அரசு ஒதுக்கிய நிலத்துக்குப் போகலாம். பொது நிலத்தில் தீனி போடுவதற்கும் கூடாரத்தை விட்டுவிட்டு வருவதற்கும் தனி விதிகள் உண்டு, அனுமதியோடு வரும் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தாகப் பட்டை அடித்திருந்தால் 'உள்ளே வராதே' என்று பலகை வைத்ததற்குச் சமம். அம்பு பட்ட மான் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் விழுந்தாலும் அனுமதி இல்லாமல் நீங்கள் உள்ளே போக முடியாது. அதனால் சீசனுக்கு முன்பே பக்கத்து நிலக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கி, ஒரு முறை பேசி வைத்துவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு முன்பின் தெரியாத குரலில் முதல்முறை கூப்பிட்டு அனுமதி கேட்பது யாருக்கும் நல்லதல்ல.

எது முதிர்ந்த கிடா

கொம்பைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் எலும்பு. நல்ல மழை பெய்த வருஷத்தில் இரண்டரை வயதுக் கிடாவுக்கே எட்டு முனை வந்துவிடும். உடம்பைப் பாருங்கள். ஒன்றரை வயதுக் கிடா, கொம்பு ஒட்டிய பெண் மான் மாதிரி இருக்கும்: கால் நீளம், கழுத்து ஒல்லி. மூன்றரை வயதில் நெஞ்சு அகன்றிருக்கும், இடுப்பு இன்னும் ஒட்டியிருக்கும், பந்தயக் குதிரையின் கட்டு. நாலரையில் வயிற்றுக் கோடும் நெஞ்சுக் கோடும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்து கால் குட்டையாகத் தெரியும். ஐந்தரைக்கு மேல் வயிறு தொங்கும், முதுகு சற்றுக் குழியும், இணைகூடும் பருவத்தில் கழுத்து வீங்கி எங்கே முடிந்து எங்கே நெஞ்சு ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் கலந்துவிடும். பின்னங்காலின் உட்புறச் சுரப்பி கறுத்து, கறை வழிந்திருக்கும்.

மான் தடத்தில் கட்டிவைத்தால் தானாகப் படம் எடுக்கும் டிரெயில் கேமராவின் படங்களில் பக்கவாட்டாக நிற்பதை மட்டும் வைத்து வயது பாருங்கள். எதிரே நிற்கும் மான் எல்லாமே பெரிதாகத் தெரியும்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் சீசனில் கவுண்டி அனுமதித்தால் ஒரு பெண் மானை எடுங்கள். நாண் இழுத்துப் பிடிப்பது, கை நடுங்குவது, இரத்தம் பார்த்துத் தேடுவது, கறி எடுப்பது எல்லாவற்றையும் வாழ்நாளில் பார்த்த ஆகப் பெரிய கிடாவின் மேல் கற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வழியும் ஹில் கன்ட்ரியில் உண்டு. 1932 வாக்கில் இந்தியாவின் புள்ளிமானை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பல ராஞ்சுகளில் வேலி தாண்டிப் பெருகி, இன்று ஆக்ஸிஸ் என்ற பெயரில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தொடக்கூடாத அதே மான், இங்கே வெளிநாட்டு விலங்கு என்ற கணக்கில் சீசனும் எண்ணிக்கை வரம்பும் இல்லாமல் வேட்டையாடப்படுகிறது. லைசென்ஸும் நிலக்காரர் அனுமதியும் போதும். கிண்டியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல்முறை கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அதையும் சொல்லியாக வேண்டும்.

வில்

காம்பவுண்ட் வில்லில், முழுதாக இழுத்தபின் பாரம் குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு குறைந்தால் நீங்கள் பிடித்து நிற்பது 12 பவுண்டு. அதற்காக அறுபதில் தொடங்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை நேரே நீட்டி, வானத்தை நோக்கித் தூக்காமல் மெதுவாக நாணை இழுக்க முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் பாரம். வெண்வால் மானுக்கு 45, 50 பவுண்டும் கூர்மையான முனையும் போதும். இழுக்கும் நீளத்தைக் கடையில் அளந்து பொருத்தச் சொல்லுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவில்லாமல் வாங்கிய வில்லைச் சரிசெய்யவே பாதி சீசன் போய்விடும்.

பயிற்சியில் நின்றுகொண்டு எய்வதைவிட, பிளைண்டில் பயன்படுத்தப் போகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து எய்வதுதான் முக்கியம். உட்கார்ந்தால் இடுப்பு திரும்பாது, வில்லின் கீழ்க்கை முழங்காலில் இடிக்கும், மேல்க்கை கூரையைத் தொடும். இன்னொரு பொறி: உங்கள் கண் பார்க்கும் கோடு அம்பு போகும் கோட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கிறது. ஜன்னல் வழியே மான் தெளிவாகத் தெரியும், அம்பு ஜன்னல் விளிம்பில் பட்டுச் சிதறும். கூடாரத்தை வீட்டுப் பின்கட்டில் விரித்து உள்ளிருந்து சில அம்புகளாவது எய்து பார்த்துவிடுங்கள்.

தினமும் முதல் அம்பை மட்டும் கணக்கில் வையுங்கள். உடம்பு சூடேறுமுன் விடும் அந்த ஓர் அம்பு எந்தத் தூரம்வரை ஆறு அங்குலத் தட்டுக்குள் தவறாமல் விழுகிறதோ, அதிலிருந்து ஐந்து கஜம் குறைத்தால் அதுதான் காட்டில் உங்கள் தூரம். முதல் வருஷம் அது 20 கஜமாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேட்டைக்கான பிராட்ஹெட் முனை, பயிற்சி முனை விழும் இடத்திலேயே விழும் என்று நம்பாதீர்கள், இரண்டையும் எய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்னலில் வலைத்துணி போட்டு அதன் ஊடாகவே எய்வதாக இருந்தால், விரியும் வகை முனை வேண்டாம். வலையிலேயே விரிந்து திசை மாறிவிடும். நிலையான கத்தி உள்ள முனைதான் அதற்குச் சரி.

கூடாரத்தை எங்கே, எப்படி

ஃபீடர் என்ற தானியங்கித் தீனிப் பெட்டியை வைத்து மக்காச்சோளம் தூவுவது தனியார் நிலங்களில் இங்கே வழக்கம். சிறு மான்கள் மணி அடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் போல ஓடிவரும். கிழட்டுக் கிடா வராது. பெரும்பாலும் நாற்பது ஐம்பது கஜம் தள்ளிப் புதருக்குள் நின்று, காற்று வரும் வாக்கில் மூக்கை நீட்டி, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். பிறகு இருட்டியதும் வரும். அதனால் கூடாரத்தை ஃபீடரைப் பார்த்து வைப்பதைவிட, சீடர் புதரிலிருந்து ஃபீடருக்கு வரும் தடத்தில் 15 முதல் 20 கஜத்தில் வைப்பது மேல். அக்டோபரில் லைவ் ஓக் கொட்டை உதிர ஆரம்பித்தால் ஃபீடரில் ஈ ஓட்ட வேண்டியதுதான். எந்த மரத்தடியில் கொட்டை விழுகிறது, எங்கே புழுக்கை புதிதாகக் கிடக்கிறது என்று பார்த்து இடம் மாற்றத் தயாராக இருங்கள்.

இடத்தைத் தேர்ந்தபின் காற்று. மான் வரும் பக்கத்திலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீச வேண்டும். இந்தப் பகுதியில் வழக்கமாகத் தென்கிழக்குக் காற்று. குளிர் அலை இறங்கினால் வடக்கே திரும்பிவிடும், மான்கள் நன்றாக நடமாடுவதும் அந்த நாட்களில்தான். ஆகவே ஒரே ஒரு கூடாரம் வைத்துக்கொண்டு எல்லா நாளும் அதிலேயே உட்காருவது சரிவராது. முடிந்தால் தென்கிழக்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது, காற்றும் தவறு என்றால் அன்றைக்குப் போகாதீர்கள். லீவு போட்டாயிற்று, இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தாயிற்று என்று போய் உட்கார்ந்தால் அந்த இடத்தில் உங்கள் வாசனையை அறிமுகப்படுத்தியதுதான் மிச்சம். வாசனை போக்கும் ஸ்பிரேக்கள் விற்கிறார்கள், அடித்துக்கொள்ளுங்கள். காற்று தவறாக இருந்தால் அவை காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். மேடுபள்ளமான இடத்தில் இன்னொன்றும் உண்டு: காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிரக் குளிரக் கீழே இறங்கும். ஓடைப் பள்ளத்தின் மேல் விளிம்பில் மாலையில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை முழுவதும் பள்ளத்தில் நிரம்பி நிற்கும். சின்னப் பொடிக் குப்பியை அழுத்தி அடிக்கடி காற்றைப் பாருங்கள்.

வெயிலும் கணக்கில் வரும். காலை வேட்டைக்குக் கிழக்கு உங்கள் முதுகுப் பக்கம், மாலைக்கு மேற்கு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஜன்னல் வழியே வெயில் உள்ளே விழுந்தால் உங்கள் முகம் விளக்குப் போட்டதுபோல் தெரியும்.

கூடாரத்தை வேட்டைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். ஓக் கிளையும் சீடர் தழையும் வெட்டிச் சுற்றிலும் சாத்தி, பெட்டி வடிவம் தெரியாமல் உடைத்துவிடுங்கள். நான்கு மூலையும் கயிறு கட்டி முளை அடியுங்கள், இங்கே காற்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். உள்ளே தரையில் சருகு, குச்சி, கல் எல்லாம் அள்ளி மண் தெரியச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நுழையும் முன் டார்ச் அடித்துக் குளவிக் கூடு, தேள், கொள்ளி எறும்பு, பாம்பு பாருங்கள். விரியன் இனத்து ராட்டில்ஸ்னேக் நிழலுக்காகத் துணி ஓரத்தில் சுருண்டு கிடப்பது கதையல்ல.

உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, கறுப்புக் கையுறை. காட்டுக் கோலம் போட்ட உடுப்பு வெளியே நல்லது, கறுப்பு உட்சுவருக்கு எதிரே வெளிறித் தெரியும். பின்பக்க ஜன்னல்களை முழுதாக மூடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு எதிரே உங்கள் நிழலுருவம் தெரியும். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். ஜீன்ஸைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்தபின்

கல், மரம், புதர் என்று நாலைந்து அடையாளங்களை ரேஞ்ச்ஃபைண்டரில் அளந்து மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கிடா வந்தபின் அளக்க நேரம் இருக்காது. அம்பை நாணில் ஏற்றி, வில்லைக் கொக்கியில் மாட்டி, கைக்கு எட்டுமாறு வையுங்கள்.

கிடா எப்போது வரும்? அக்டோபரில் படுக்கைக்கும் தீனிக்கும் இடையே, மாலையின் கடைசி அரை மணியில். இணைகூடும் பருவத்தில் எந்த நேரத்திலும். ஹில் கன்ட்ரியின் கிழக்குப் பகுதியில் அதன் உச்சம் நவம்பர் முதல் வாரம் வாக்கில், நடுப்பகுதியில் நவம்பர் கடைசியில், மேற்கே டிசம்பர் தொடக்கத்தில். அந்த நாட்களில் மதியம் சாப்பிட வெளியே போகாதீர்கள், பொட்டலம் கட்டிக்கொண்டு வாருங்கள். பெண் மான் ஒன்று வந்து, மேயாமல் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வில்லைக் கையில் எடுக்கும் நேரம் அதுதான்.

நாண் இழுப்பதை மானின் தலை மரத்துக்குப் பின்னே போகும்போதோ அது வேறு பக்கம் பார்க்கும்போதோ செய்யுங்கள். பக்கவாட்டாக நின்றாலும் சற்று அப்பால் திரும்பி நின்றாலும் மட்டுமே எய்யுங்கள். நேர் எதிரே நிற்பதும் உங்களை நோக்கிச் சாய்ந்து நிற்பதும் வில்லுக்கு உரியவை அல்ல, தோள் எலும்பும் நெஞ்செலும்பும் குறுக்கே வரும். பக்கவாட்டில், முன்னங்கால் முன்னே வைத்திருக்கும்போது, அதன் பின்மடிப்பை ஒட்டி, உடம்பின் கீழிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. அப்பால் திரும்பி நின்றால் எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கி அம்பு வெளியேறுமாறு குறியைப் பின்னே தள்ளுங்கள்.

ஏன் கீழே? நாணின் சத்தம் அம்பைவிட வேகம். விநாடிக்கு 280 அடி போகும் அம்பு 20 கஜத்தைக் கடக்க 0.21 விநாடி. சத்தம் அங்கே 0.05 விநாடியில் போய்விடும். பதற்றமான மான் அந்த இடைவெளியில் பாய்வதற்காக முதலில் உடம்பைக் கீழே தாழ்த்தும். 40 கஜத்தில் இந்த இடைவெளி இரட்டிப்பாகும். நிமிர்ந்து உங்களையே முறைத்துக்கொண்டிருக்கும் மானின் மேல் தூரத்து அம்பு விடாதீர்கள்.

அம்பு விட்டபின்

பெரும்பாலோர் மானைத் தொலைப்பது இங்கேதான். அம்பு எங்கே பட்டது, மான் எந்த மரத்தைத் தாண்டிக் கடைசியாகத் தெரிந்தது, விழுந்த சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். கைபேசியைத் தொடாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு வெளியே வந்து அம்பைத் தேடிப் பாருங்கள். நுரை கலந்த வெளிர்சிவப்பு இரத்தம் நுரையீரல், அரை மணியில் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலிலிருந்து ஆறு மணி நேரம் விடுங்கள். பச்சைத் துணுக்கும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். டெக்சஸ் வெப்பத்தில் இது வயிற்றெரிச்சல்தான், ஆனால் அவசரப்பட்டுப் போனால் படுத்திருக்கும் மான் எழுந்து ஓடும், பிறகு கறியும் இல்லை, மானும் இல்லை. ஒவ்வொரு இரத்தத் துளிக்கும் டாய்லெட் பேப்பர் துண்டு போட்டுக்கொண்டே போங்கள், திரும்பிப் பார்த்தால் போன திசை தெரியும். தடம் அறுந்தால், உங்கள் கவுண்டியில் அனுமதி இருந்தால், பழக்கிய மோப்ப நாயோடு வருபவரைக் கூப்பிடலாம். தடத்தை மிதித்துக் கலைக்குமுன் கூப்பிடுங்கள்.

மான் கிடைத்ததும் முதல் வேலை லைசென்ஸில் உள்ள டேக்கில் மாதமும் தேதியும் வெட்டி மானில் கட்டுவது. டிஜிட்டல் லைசென்ஸ் எடுத்திருந்தால் செயலியில் அங்கேயே பதிய வேண்டும். படம் எடுப்பது அதற்குப் பிறகு. வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிட்டு, கறியை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அக்டோபர் மாலையில் 80 டிகிரி இருக்கும் ஊரில் மரத்தில் தொங்கவிட்டு ஊறப்போடும் பேச்சுக்கு இடமில்லை. பெரிய ஐஸ் பெட்டி இரண்டு கொண்டுபோங்கள். பெட்டியின் வடிகுழாயைத் திறந்து, சற்றுச் சாய்த்து வையுங்கள், உருகும் தண்ணீரில் கறி ஊறக் கூடாது. கிடாவின் தலையைக் கடைசி இடம் போய்ச் சேரும்வரை உடலோடு வைத்திருக்க வேண்டும். டெக்சஸில் மான்களைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் 2012 முதல் கண்டறியப்பட்டு வருவதால், தலையையும் முதுகெலும்பையும் எங்கே போடலாம் என்பதற்கு விதிகள் உண்டு. ராஞ்சுக்காரரைக் கேட்டு அங்கேயே ஆழமாகப் புதைப்பது நல்லது.

முதிர்ந்த கிடாவின் தொடை இறுகலாக இருக்கும். அதைக் கொத்திக் கொத்துக்கறியாக்கி, பன்றிக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ கொஞ்சம் சேர்த்துவிடுங்கள், மானில் கொழுப்பு மிகக் குறைவு. முதுகுச் சதையை மட்டும் தனியே எடுத்து, மேல் சவ்வைச் சுத்தமாக உரித்து, மிளகும் உப்பும் போட்டுச் சுடுகல்லில் புரட்டி, உள்ளே சிவப்பு மாறும் முன் இறக்குங்கள். நம் வழக்கப்படி அரை மணி நேரம் வேகவைத்தால் ரப்பர்தான்.